அமெரிக்க நகரங்கள் பரந்தது யாரால்?

அமெரிக்காவில் நகரங்களைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்குத் தனித்தனி வீடுகள் பரந்து கிடக்கின்றன. வீடு ஓரிடம், கடை ஓரிடம், வேலை ஓரிடம். ஒரு புட்டி பால் வாங்கவும் மோட்டார் காரை எடுத்தாக வேண்டும். கார் ஓட்ட முடியாத கிழவரும் சிறுவரும், கார் வாங்க வழியில்லாத ஏழையும் பிறர் தயவை எதிர்பார்த்து அடைபட்டுக் கிடக்க வேண்டியதுதான். காரணம் என்னவென்றால், "அது ஜனங்களின் சொந்த இஷ்டம்" என்று பதில் வருகிறது.

இஷ்டம் என்றால் அதற்குச் சட்டம் எதற்கு என்பதுதான் நமது கேள்வி.

ஒஹையோ மாகாணத்து யூக்ளிட் என்னும் ஊரின் வழக்கில், இன்ன இடத்தில் இன்ன கட்டடந்தான் கட்டலாமென்று விதிக்க ஊர்ச் சபைக்கு அதிகாரமுண்டு என 1926 இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. புகை கக்கும் தொழிற்சாலையை வீட்டருகே வைக்காதே என்பது நியாயமே. ஆனால் பல குடும்பங்கள் வாழும் அடுக்கு வீட்டையும் ஒட்டுண்ணி என்று அத்தீர்ப்பிலேயே எழுதிவைத்தார்கள்! அதன் பின்னர், ஊருக்கு ஊர் ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்பதே விதியாயிற்று. தெருமுனைக் கடை குற்றமாயிற்று. கட்டடம் கட்டுவோர் இத்தனை கார் நிறுத்த இடம் விட்டாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் வந்தது.

சர்க்கார் பணமும் இதற்கே சென்றது. 1934 இல் ஏற்பட்ட மத்திய வீட்டு நிர்வாகம் புறநகர் வீட்டுக் கடனுக்கு ஜாமீன் நின்றது; கருப்பு மக்கள் வாழும் பகுதிகளுக்குக் கையை விரித்தது. நியூயார்க்குக்கு அருகே 1947 இல் தொடங்கிய லெவிட்டவுனில் 17,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வெள்ளையரல்லாதார் அங்கு குடியிருக்கக் கூடாதென்று பத்திரத்திலேயே எழுதினார்கள். 1956 இல் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குச் சட்டம் செய்து, செலவில் நூற்றுக்கு 90 பங்கை மத்திய சர்க்கார் ஏற்றது. அந்தச் சாலைகளில் ஒன்று செயின்ட் பால் நகரத்தில் ரோண்டோ என்ற கருப்பு மக்கள் பேட்டையை இடித்துக்கொண்டு போயிற்று. இவையெல்லாம் யாருடைய இஷ்டம்?

வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிற வித்தியாசம் பாராட்டுவது 1968 இல் சட்டப்படி குற்றமாயிற்று. ஆனால் "பெரிய மனை, ஒரே வீடு" என்ற விதி போகவில்லை. நிறத்தைச் சொல்லித் தடுத்த இடத்தில் இன்று விலையைச் சொல்லித் தடுக்கிறார்கள். வாசலில் நிறுத்தப்படுகிறவனுக்கு இதில் என்ன வித்தியாசம்?

இப்போது சில இடங்களில் அறிவு தலைகாட்டுகிறது. பஃபலோ நகரம் 2017 இல் கார் நிறுத்த நிர்ப்பந்தத்தை எடுத்தது. ஒரு மனையில் மூன்று வீடு வரை கட்டலாமென்று மின்னியாபொலிஸ் நகர சபை 2018 இல் தீர்மானித்தது. 2019 இல் ஆரிகனும், 2021 இல் கலிபோர்னியாவும் இவ்வழியில் மாகாணச் சட்டமே செய்தன.

உடனே, "ஊரின் குணம் கெட்டுப்போகும்" என்ற கூக்குரல் எழுகிறது. பள்ளிக்கூட ஆசிரியையும், பஸ் ஓட்டுகிறவரும் குடிவந்தால் கெடுகிற குணம் என்ன குணமோ? தனி வீட்டில் வாழ விரும்புவோர் தாராளமாக வாழட்டும். அடுத்தவன் தன் மனையில் இரண்டாவது அடுப்பு மூட்டுவதைத் தடுக்கும் அதிகாரத்தை மட்டும் விட்டுவிடட்டும்.

தோழர்களே, அந்த நகரங்கள் தாமாக அப்படி முளைக்கவில்லை. மனிதன் எழுதிய விதி அவற்றை அப்படி ஆக்கிற்று. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். அமெரிக்க நகரங்களின் எதிர்காலம், அத்திருத்தத்தைச் செய்யும் துணிவைப் பொறுத்தே இருக்கிறது.