பந்தும் வேதமும் பனியன் நகரமும்



பன்னிரண்டு பெண்கள் விமானத்தைவிட்டு இறங்கும் காட்சியை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்க நாட்டுக் கல்லூரி மாணவியர். தோளிலே தொங்கும் பையிலே பொருள் இரண்டு. ஒன்று பந்து, மற்றொன்று பைபிள். படிப்புக்கு விடுமுறை விட்டாயிற்று, பணிக்கு விடவில்லை. பகலிலே அவ்வூர்ச் சிறுமியரைத் திரட்டிக் கூடைப்பந்து கற்றுத் தருவர். மாலையிலே அவ்வூர் அணியோடு ஆடுவர். ஆட்டத்தின் இடைவேளையிலே ஒருத்தி எழுந்து நின்று, இயேசு தன் வாழ்விலே வந்த கதையைச் சாட்சியாகச் சொல்வாள். பிறகு ஊதல் ஒலிக்கும், மீண்டும் ஆட்டம்! அமெரிக்கக் கிறித்தவக் கல்லூரிகள் பல, தம் மகளிர் அணியை இப்படிக் கடல் கடந்து அனுப்புவதை வழக்கமாகவே கொண்டுள்ளன.

முறை பழையதுதான். 1952ஆம் ஆண்டிலேயே இண்டியானா மாநிலத்து டெய்லர் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் டான் ஓடில் என்பார், ஆடவர் அணி ஒன்றைத் தைவான் தீவுக்கு அழைத்துச் சென்றார். சீனப் பெருநிலத்தை இழந்த சியாங் கே ஷேக் அத்தீவிலே ஒதுங்கியிருந்த நேரம். பந்தாட்டம் காண வந்த கூட்டத்துக்கு, இடைவேளையிலே நற்செய்தி! அன்று ஆடவர் சென்ற பாதையிலே இன்று பெண்களும் செல்கிறார்கள்.

இதைக் கேட்டதும், "ஐயோ மதமாற்றம்!" என்று அலறும் ஒரு குரல் நம் நாட்டிலே உண்டு. அக்குரலுக்குச் செவி சாய்த்துத்தான் 2002இலே தமிழகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் பிறந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலிலே மக்கள் தந்த அடிக்குப் பிறகு, கொண்டுவந்த கையே அதனைத் திரும்பப் பெற்றது. சுற்றுலா விசாவிலே வந்து சமயம் பரப்ப இந்திய விதிகள் இடந்தருவதில்லை. அதற்கென்று தனி விசா உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள அதிகாரிகள் இருக்கிறார்கள். தடியெடுத்தவர்கள் தேவையில்லை.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் எழும். "பந்தைக் காட்டிப் பரலோகம் விற்கிறார்கள், பார்த்தீர்களா?" என்று கேலி பேசத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நான் நாடகக்காரன். இடைவேளையின் அருமை அறிந்தவன். முறுக்குக் கூடைக்காரன் உள்ளே வருவதும் அப்போதுதான். பேச்சாளன் மேடையேறுவதும் அப்போதுதான். நம் இயக்கம் நாடக மேடையையும் வெள்ளித்திரையையும் கொள்கை பரப்பும் கருவியாக்கியதே! கதை பார்க்க வந்தவனுக்குக் கருத்தும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினோமே! ஆட்டம் பார்க்க வந்தவளுக்கு ஆண்டவனைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று அவர்களை மட்டும் எப்படிக் குறை கூறுவது? அவர்கள் சொல்லும் கடவுளை நாம் ஏற்கவில்லை. நம் மறுப்பை நாமும் மேடை போட்டுச் சொல்வோம். வழக்கு அத்தோடு முடிந்தது.

எனக்கு உறுத்தலாக இருப்பது வேதம் அல்ல, பந்து. பெண்ணின் கையிலே பந்து!

கூடைப்பந்து பிறந்ததே கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியிலேதான். 1891 டிசம்பரிலே, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பீச் பழக் கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியிலே ஆணியடித்து மாட்டினார். குளிர்காலத்திலே அடைபட்டுத் தொல்லை கொடுத்த இளைஞர்களுக்காக அவர் கண்ட ஆட்டம் அது. மறு ஆண்டே அப்பந்தைப் பெண்களிடம் கொண்டு சென்றவர் செண்டா பெரன்சன். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்திலே பிறந்தவர்; ஸ்மித் மகளிர் கல்லூரி ஆசிரியை. 1893 மார்ச்சிலே நடந்த போட்டியைக் காண ஆடவருக்கு அனுமதியில்லை! பெண் களைத்துவிடுவாளாம், ஆகவே களத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஒருத்தி தன் கட்டத்தைத் தாண்டக்கூடாது. பந்தை மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அடுத்தவள் கையிலிருந்து பறிக்கவும் கூடாது, பெண்மைக்கு இழுக்காம்! கோடு கிழித்துத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் கொடுத்தார்கள். பெண்களோ கோடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே முன்னேறினார்கள். ஒலிம்பிக் பந்தயத்திலே ஆடவர் கூடைப்பந்து 1936இலே நுழைந்தது. மகளிருக்குக் கதவு திறக்க 1976 வரை, நாற்பதாண்டு ஆயிற்று!

நம் மண்ணுக்கும் இந்தப் பந்து அதே சங்கத்தின் வழியாகவே வந்தது. 1920இலே சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கர் அச்சங்கத்தின் ஊழியர். பெண்களுக்கென்று 1915இலே சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியும், 1948இலே மதுரை லேடி டோக் கல்லூரியும் எழுந்தன. "படித்த பெண் அடங்கமாட்டாள்" என்று திண்ணையிலே உட்கார்ந்து சிலர் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. நன்றியோடு சொல்வோம், நாணத்தோடும் சொல்வோம். அந்நியர் கடல் கடந்து வந்து கொடுத்ததை, நாம் வீதி கடந்து சென்று கொடுக்கவில்லை.

இனித் திருப்பூருக்கு வாருங்கள்.

அந்த அமெரிக்கப் பெண்ணின் ஆட்டச் சட்டையிலே, கழுத்தின் உட்புறம் ஒரு சிறு துணித்துண்டு தைத்திருக்கும். அதிலே இந்தியாவின் பெயர் இருக்குமானால், சட்டை நம் ஊரிலிருந்து சென்றிருக்க நிரம்ப வாய்ப்புண்டு. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியிலே பாதிக்கு மேல் திருப்பூருடையதல்லவா! அந்தச் சட்டைக்கு ஓவர்லாக் ஓட்டியவள் யார்? பிசிறு வெட்டியவள் யார்? செக்கிங் மேசையிலே நின்று நின்று கால் வீங்கியவள் யார்? ஆடப்போகிறவளின் வயதுதான் அவளுக்கும். பத்தொன்பது, இருபது.

காலை எட்டரைக்கு உள்ளே நுழைகிறாள். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட்; வெளியே வரும்போது இருட்டிவிடுகிறது. சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை? அவள் அண்ணனும் பனியன் கம்பெனித் தொழிலாளிதான். அவன் டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடக் கிளம்புகிறான். அவள் வாரத்துணியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குக் கிளம்புகிறாள். ஒரே தொழில், ஒரே வீடு, ஒரே ஞாயிறு!

விடுதியிலே தங்கியிருப்பவளின் நிலை இதனினும் கடுமை. தென் மாவட்டங்களிலிருந்து வந்தவள்; இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவள். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலப் பெயர் சூட்டி, மூன்றாண்டு முடிவிலே மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி, நூற்பாலைகள் இளம்பெண்களை அடைத்துவைத்த கதையைக் கொங்கு நாடு அறியும். அந்தப் பழக்கத்தின் மிச்சம் விடுதி வாயிலிலே இன்னும் தொங்குகிறது.

"ஏனம்மா, வேலை முடிந்ததும் இப்பெண்கள் எங்கே செல்வார்கள்?"

"எங்கும் செல்லமாட்டார்கள். கதவைப் பூட்டிவிடுவோம்."

"எதற்காக?"

"பாதுகாப்புக்காக."

"யாரிடமிருந்து?"

விடை வராது. வெளியே திரியும் ஆண்மகனிடமிருந்து என்பதே விடை. அவனைப் பூட்டவில்லை, இவளைப் பூட்டுகிறார்கள்!

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிற்றுண்டிச்சாலை கேட்டது, குழந்தைகள் காப்பகம் கேட்டது. வயிற்றையும் தாய்மையையும் நினைத்தது, நல்லது. ஆனால் இருபது வயதுக் கால்கள் ஓடத் துடிக்குமே, அதை நினைத்ததா? நமக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். 1921இலே பெண்ணுக்கு வாக்குரிமை, 1989இலே சொத்துரிமை, 2022இலே கல்லூரி செல்லும் அரசுப்பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் என்று திராவிட இயக்க ஆட்சிகளின் வரலாற்றை மேடைதோறும் முழங்குகிறோம். நானும் முழங்கியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் விளையாட்டு என்று வந்தால் நம் வீட்டிலேயே, "பெண் பிள்ளைக்கு எதற்கு ஓட்டமும் குதியும்?" என்ற கேள்விதானே எழுகிறது?

எதற்கு? சென்னைப் பெண் அனிதா பால்துரையைப் பாருங்கள். இந்தியக் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். தாயான பின்னும் களத்துக்குத் திரும்பி, 2017இலே பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்ற அணியிலே ஆடினார். 2021இலே பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. "பிள்ளை பெற்றவளுக்குப் பந்து எதற்கு?" என்று கேட்கும் வாய்களுக்கு அதைவிட வேறென்ன விடை வேண்டும்? ஆனால் ஓர் அனிதாவைக் காட்டிப் பல்லாயிரம் பேரின் பூட்டை நாம் மறந்துவிடலாகாது.

1934இலே, இதே திருப்பூரிலே நடந்த இளைஞர் மாநாட்டிலேதான் பெரியாரை அண்ணா முதன்முதலில் சந்தித்தார். அந்த ஊரிலே இருந்துகொண்டு, பந்து வேண்டுமானால் பைபிளோடு ஒருத்தி விமானத்திலே வரட்டும் என்று காத்திருப்பதா நமக்கு அழகு? அவள் பந்தின் விலை, இடைவேளையிலே ஒரு பிரசங்கம். நாம் கொடுக்கும் பந்துக்கு விலையே இருக்கக்கூடாது. நம் பிரசங்கமும் கூடாது! மகளிர் ஆட்டத்தின் இடைவேளையிலே வட்டச் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தாரானால், அவரை முதலிலே இறக்கிவிடுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

பத்தடி உயரத்திலே ஒரு வளையம், ஒரு பலகை, ஒரு பந்து, ஒரு விளக்கு. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் ஆயுதபூசைச் செலவிலே அடங்கிவிடும். ஆனால் வளையத்தைவிட முதலில் வேண்டியது, பூட்டாத ஒரு மணி நேரம்.

அடுத்த ஞாயிறு கிளைக் கூட்டம். தீர்மானம் எழுதிக்கொண்டு வராதீர்கள். உங்கள் வட்டத்திலே பெண்கள் விடுதிகள் எத்தனை, எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது, பக்கத்திலே மாநகராட்சித் திடல் உண்டா, மாலையிலே அங்கே பெண் யாராவது கால் வைக்கிறாளா, இவற்றை மட்டும் விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த விடுதிப் பெண்களிலே நான்கு பேரையாவது கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். முதலிலே அவர்கள் பேசட்டும்.