மின்சார வண்டியும் பார்க்கிங் பிளக் பாயிண்ட்டும்

தாம்பரத்துக்காரங்களுக்கு மின்சார வண்டி ஒண்ணும் புதுசில்லைங்க. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல 1931லேயே எலக்ட்ரிக் ட்ரெயின் ஓட ஆரம்பிச்சாச்சு. அதே கரண்ட் இப்ப ஸ்கூட்டரா வாசல்ல வந்து நிக்குது, அவ்வளவுதான்.

நான் மாறி ரெண்டு வருஷம் ஆகுது. "எவ்ளோ சார் குடுக்குது?"ன்னு கேக்காத ஆளே இல்லை. இதோ கணக்கு. 3 யூனிட் பேட்டரி. நம்ம ஊர் டிராஃபிக்ல 80, 85 கிலோமீட்டர் தாராளமா வரும். தினம் 25 கிலோமீட்டர்னா ரெண்டு மாச பில்லுல 55, 60 யூனிட் கூடும். யூனிட்டுக்கு 8 ரூபாய்னே வச்சாலும் 500 ரூபாய்க்குள்ள. அதே தூரத்துக்குப் பெட்ரோல் வண்டி 33 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய்னா மீதியை நீங்களே போட்டுப் பாருங்க :-) ஒண்ணு மட்டும் கவனம். ஏற்கெனவே 500 யூனிட் பக்கத்துல இருக்கற வீடுன்னா, அதைத் தாண்டினதும் ரேட் மாறிடும்.

காசை விடுங்க, சுகம் வேற. இரும்புலியூர்ல அரை மணி நேரம் நின்னாலும் கால்ல இன்ஜின் சூடு அடிக்காது. ஞாயித்துக்கிழமை விடியக்காலை நன்மங்கலம் காட்டோரமா போனா குருவிச் சத்தம் காதுல விழுது. ஆனா சண்முகம் ரோடு மார்க்கெட்ல இதே அமைதிதான் தொல்லை. பின்னாடி வண்டி வர்றதே யாருக்கும் தெரியாது. ஹாரன் அடிச்சாகணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த சுகமெல்லாம் தனி வீட்டுக்காரங்களுக்குத்தான். சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர்னு எங்க பார்த்தாலும் அபார்ட்மெண்ட். மூணாவது மாடியில வாடகைக்கு இருக்கறவர் எங்க சார்ஜ் போடுவார்? எனக்குத் தெரிஞ்ச ஒரு குடியிருப்புல, "தீப்பிடிக்கும், பார்க்கிங்ல பிளக் பாயிண்ட் கிடையாது"ன்னு அசோசியேஷன்ல தீர்மானமே போட்டுட்டாங்க.

பயம் நியாயமானதுதான். 2022 மார்ச்ல வேலூர்ல, வீட்டுல சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிஞ்சு அப்பாவும் மகளும் இறந்துபோனாங்க. அந்த வருஷம் நடந்த விபத்துகளுக்கு அப்புறம்தான் பேட்டரி பரிசோதனை விதிகளை அரசு இறுக்கினது. ஆனா பார்க்கிங்ல பிளக் இல்லைன்னா ஜனங்க என்ன செய்வாங்க? கழட்டற பேட்டரியா இருந்தா ஹால்ல கொண்டுவந்து சார்ஜ் போடுவாங்க. இல்லாட்டி மாடியிலேர்ந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்க விடுவாங்க. அதாவது, தடை போட்டா ஆபத்து கீழேர்ந்து வீட்டுக்குள்ள ஏறி வருது!

இத்தனைக்கும் வழி சுலபம். பெரும்பாலான அபார்ட்மெண்ட்ல மீட்டர் போர்டு கீழதான் இருக்கு. அவங்கவங்க மீட்டர்லேர்ந்து அவங்கவங்க பார்க்கிங்குக்கு ஒரு லைன், நல்ல எர்த், கசிவு வந்தா டிரிப் ஆகற பிரேக்கர். வேலை முடிஞ்சது. பொதுக் கரண்ட் யார் தலையில விழும்ங்கற சண்டையும் வராது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம்னா பிளக்கை நெஞ்சு உயரத்துக்கு மேல வைங்க. 2015, 2023 வெள்ளத்தை மறந்துட முடியுமா? ஐபி67ன்னு பேட்டரி மேல போட்டிருக்கறது ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரத்துக்குத்தான். ராத்திரி பூரா முங்கிக் கிடக்கறதுக்கு இல்லை. மழை வலுத்தா வண்டியை மேட்டுல ஏத்திடுங்க.

வீட்டு ஓனர்களே, வாடகைக்கு விடும்போது தண்ணி வசதி, கார் பார்க்கிங்னு போடறீங்களே, அதோட ஒரு பிளக் பாயிண்ட்டையும் சேத்துக்கங்க. சில ஆயிரம் ரூபாய் செலவு. குடியிருக்கறவர் பேட்டரியைத் தூக்கிட்டு மூணு மாடி ஏற வேண்டியிருக்காது. ராத்திரி எல்லாரும் நிம்மதியா தூங்கலாம்.