தொக்கு நிற்கும் உருபு

மதுரையிலிருந்தும் சூழவுள்ள சிற்றூர்களிலிருந்தும் வரும் மாணவருள் ஆங்கிலம் நன்கு பயின்றோரும் ‘தி ஹவுஸ் விச் ஐ லிவ்’ என்று எழுதக் காண்கின்றோம். ‘இன்’ என்னும் ஆங்கில முன்னிடைச்சொல் விடுபட்டமையை அறியாமையென்று இகழ்தல் முறையன்று. ‘வாழும் வீடு’, ‘வெட்டிய வாள்’ என்னுமிடத்து இல், ஆல் என்னும் உருபுகளை நாம் வாயாற் சொல்வதில்லை. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறனுள் எப்பெயரையும் பெயரெச்சம் கொள்ளுமென நன்னூலார் வகுத்தார். உருபைப் பொருள் நோக்கி நாமே உணர்கின்றோம். ஆங்கிலமோ அதனை வெளிப்படக் கூறும். ‘கடன் வாங்கிய வணிகர்’ என்றால், வாங்கினவர் அவரோ, அவரிடம் வாங்கினவர் நாமோ என்னும் ஐயம் தமிழில் எழும். ‘ஃப்ரம் ஹூம்’ என்பார்க்கு அவ்வையமில்லை.

ஆதலின் இப்பகுதியைத் தமிழாசிரியரே முதற்கண் விளக்குதல் வேண்டுமென்பது எம் துணிபு.

‘இன் விச்’ என முன்வைத்தலே செம்மை, இறுதியில் வைத்தல் வழுவென அச்சுறுத்துவாரும் உளர். 1672இல் டிரைடன் என்னும் ஆங்கிலப் புலவர் பென் ஜான்சனிடத்து இக்குற்றங் கண்டார். அவர் கண்டதை நாம் சுமப்பானேன்? நண்பர்க்கு வரையும் கடிதத்தில் ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’ என்பதே இயல்பு. ‘தட்’ என்னுஞ் சொல் வரின் முன்வைத்தற்கு இடமேயில்லை.