“காசில்லாதவனுக்கு விடுதிப் பள்ளி எதற்கு?”

“வசதி இருக்கிறவன் பிள்ளையை ஹாஸ்டலில் போட்டுப் படிக்க வைக்கிறான், நம்மால் ஆகுமா?” பத்தாம் வகுப்பு முடிவு வரும் சமயத்தில் வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது. இதை நம்பிப் பாதிப் பேர் முயற்சியே செய்வதில்லை. மீதிப் பேர் நகையை அடகு வைத்து, மக்காச்சோளமும் பருத்தியும் கைகொடுக்கும் என்று வட்டிக்கு வாங்கி, நாமக்கல், ராசிபுரம் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். விடுதிப் பள்ளி என்றால் காசு கட்டித்தான் சேர வேண்டும் என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் வேர். அந்த எண்ணம் தவறு.

காசு வாங்காத விடுதிப் பள்ளி நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021-22இல் பத்து மாவட்டங்களில் தொடங்கிய அரசு மாதிரிப் பள்ளிகள் இன்று 38 மாவட்டங்களிலும் உண்டு. பெரம்பலூரும் அரியலூரும் அதில் அடக்கம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, 9 முதல் 12 வரை தங்கவைத்து, சோறு போட்டு, நுழைவுத் தேர்வுகளுக்கும் தயார் செய்கிறார்கள். இடையில் படிப்பு நின்றுபோன பெண் குழந்தைகளுக்குக் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா 2004 முதல் இருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளிகளும், கொல்லிமலை செங்கரையில் இருப்பது போன்ற ஏகலைவா பள்ளிகளும் இருக்கின்றன.

உடனே அடுத்த பேச்சு வரும்: “சும்மா கிடைக்கிற இடத்தில் படித்து என்ன ஆகப் போகிறது?” இதற்குப் பெரம்பலூரே பதில் சொல்லியிருக்கிறது. தரேஸ் அகமது ஆட்சியராக இருந்தபோது தொடங்கிய ‘சூப்பர் 30’ திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஒரே இடத்தில் தங்கவைத்துப் பாடம் நடத்தினார்கள். அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் பிள்ளைகள் போனார்கள். அந்த வீடுகளில் பலவற்றில் அதற்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர்களே கிடையாது. 2024இல் பச்சைமலை சின்ன இலுப்பூரில் பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் ஜேஇஇ எழுதித் திருச்சி என்ஐடியில் சேர்ந்தார். அதே மலையின் அடிவாரத்தில்தான் நம் வேப்பந்தட்டை ஒன்றியம் இருக்கிறது.

“பெரிய தனியார் பள்ளி நம்மைச் சேர்க்காது” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மத்திய அரசின் ஸ்ரேஷ்டா திட்டம் ஆண்டுக்குச் சுமார் 3,000 பட்டியலினப் பிள்ளைகளை 9ஆம், 11ஆம் வகுப்புகளில் நல்ல தனியார் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 9ஆம் வகுப்புக்கு 1 லட்சம், 12ஆம் வகுப்புக்கு 1.35 லட்சம் வரை கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே பள்ளிக்குக் கட்டிவிடுகிறது. ஆனால் அதன் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். குன்னத்தில் தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குக் கணக்கு தெரிந்தாலும் கேள்வி புரியாது. இது அநியாயம்; வினாத்தாள் தமிழிலும் வர வேண்டும் என்று நாம் சத்தமாகக் கேட்க வேண்டும். ராணுவப் பணிக்குத் தயார் செய்யும் சைனிக் பள்ளிகளின் 6ஆம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்னும்போது இதில் மட்டும் ஏன் முடியாது? உடுமலைக்குப் பக்கத்தில் அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகையும் உண்டு.

“நல்ல மார்க் எடுத்தால் பள்ளிக்காரனே கூப்பிடுவான்.” பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துக் கூப்பிடும் தனியார் பள்ளிகள் உண்டுதான். ஆனால் அதற்கு முன்பே முக்கால்வாசிக் கதவுகள் மூடிவிடுகின்றன. சைனிக் 6ஆம் வகுப்புக்கு வயது 10 முதல் 12, 9ஆம் வகுப்புக்கு 13 முதல் 15. விண்ணப்பமோ முந்தைய ஆண்டின் கடைசியிலேயே வந்துவிடும். ஸ்ரேஷ்டாவுக்கும் பத்தாம் வகுப்பு முடிவு வரும்வரை காத்திருந்தால் விண்ணப்பக் காலம் போய்விடும். ஓசூர் பக்கம் பாலிகானப்பள்ளியில் உள்ள சாந்தி பவன் பள்ளி ஏழைக் குழந்தைகளை முழு இலவசமாக வளர்த்துப் படிக்க வைக்கிறது. அங்கே குழந்தையை எடுப்பதே நான்கு வயது வாக்கில். உதவி வேண்டும் என்பவர்கள் மார்க் ஷீட்டுக்குக் காத்திருக்காமல் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். வருமானச் சான்றுக்கும் இதே பேச்சுதான். இ-சேவை மையத்தில் பதிந்து, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நகர்ந்து வரவேண்டிய காகிதத்தைக் கடைசி நாளில் போய்க் கேட்டால் யாராலும் தர முடியாது.

எல்லாவற்றிலும் அதிகமாகக் குடும்பங்களைக் கெடுப்பது இன்னொரு யோசனை: “முதலில் சேர்த்துவிடு, அப்புறம் சலுகை கேட்டுக்கொள்ளலாம்.” சேர்க்கும் முன்பு பள்ளிக்கு உங்கள் பிள்ளை வேண்டும்; சேர்த்த பிறகு உங்களுக்குத்தான் பள்ளி வேண்டும். முதல் தவணை கட்டிய பின் கேட்டால், “அடுத்த வருடம் பார்க்கலாம்” என்பதே பதில். பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பள்ளி நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லி வாதாடும் நிலைக்கு வருவதற்குள் பிள்ளையின் ஓர் ஆண்டு போய்விடும். ஆகவே சேர்வதற்கு முன்பே கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். ‘இலவசம்’ என்பதில் விடுதியும் சாப்பாடும் சேருமா? நீட் பயிற்சிக்குத் தனிப் பணமா? ஒரு தேர்வில் மார்க் குறைந்தால் சலுகை போய்விடுமா? இதையெல்லாம் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு வட்டி கட்டுவதில்தான் மானம் போகிறது.

கடைசியாக, இதற்கு நேர் எதிரான ஒரு நம்பிக்கை: “தனியாரில் இலவச இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போ.” இதைப் படித்தவர்களே சொல்கிறார்கள், அதனால் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கு 2021 முதல். அப்படிச் சேர்பவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. 2022இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் இந்த ஒதுக்கீடு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறினால் இந்த உரிமை போய்விடும். எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வில் வென்று ஆண்டுக்கு 12,000 ரூபாய் வாங்கும் பிள்ளைக்கு அந்தத் தொகையும் நின்றுவிடும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கே. நான்கு ஆண்டு இலவசத்துக்காக, அதன் பிறகு வரும் ஐந்தரை ஆண்டு மருத்துவப் படிப்பின் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் பெற்றோர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

டாக்டர் கனவு உள்ள பிள்ளை என்றால் மாதிரிப் பள்ளிதான் சரி; தங்கவும் இடம், 7.5-க்கும் பாதகமில்லை. ராணுவ அதிகாரியாக விருப்பம் என்றால் ஐந்தாம் வகுப்பிலேயே சைனிக் தேர்வுக்கு உட்காரவைக்கலாம். ஆங்கிலம் கைவந்த பட்டியலினப் பிள்ளை, மருத்துவத்தில் நாட்டமில்லை, நல்ல பள்ளியும் அமைகிறது என்றால் ஸ்ரேஷ்டாவுக்குத் தாராளமாகப் போகலாம். உங்கள் பிள்ளை இப்போது ஏழாவதோ எட்டாவதோ படிக்கிறது என்றால், இந்த வாரமே தலைமையாசிரியரைப் பார்த்து மாதிரிப் பள்ளித் தேர்வு எப்போது, என்எம்எம்எஸ் விண்ணப்பம் எப்போது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.