க்ரீப்: ஊர்தலா, படர்தலா?

ஆங்கிலத்தில் பாம்பும் 'க்ரீப்', கொடியும் 'க்ரீப்'. தமிழில் பாம்பு ஊரும், குழந்தை தவழும், கொடி படரும். (ஊர்தலில் இருந்துதான் ஊர்தி, விமானமும் வானூர்தி! மெதுவாகப் போவது மட்டும் ஊர்தல் அல்ல.)

படர்தல் என்றால் என்ன என்று செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரம் பக்கம் பார்க்கலாம். அங்கே மணலில் கிடக்கும் அடப்பங்கொடிதான் சங்க இலக்கியத்தின் அடும்பு. அதன் பிளந்த இலை குறுந்தொகையில் மானடி. தாவரவியலின் லத்தீன் பெயரிலோ ஆட்டுக்கால். இந்தக் கொடி சும்மா நகர்வதில்லை. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொண்டே போகிறது. காற்றில் வரும் மணலும் அதில் சிக்கி மேடாகிறது.

கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பிளாஸ்டிக்கோடு சேர்த்து இதையும் பிடுங்குவது சரியல்ல. கடலரிப்பை இந்தக் கொடி நிறுத்திவிடாதுதான். ஆனால் மணல்மேட்டைக் காசில்லாமல் காப்பது இதுதான்.