சிவப்பு விரிப்பும் தமிழ்ச் சுவைஞரும்

தமிழ்நாட்டில் இற்றை நாளில் புதுவகைத் தூதுவர் கூட்டம் ஒன்று தோன்றியுள்ளது. இவர்க்குக் கூலி இல்லை, விடுமுறை இல்லை, இரவில் உறக்கமும் இல்லை. தாம் போற்றும் நடிகர் அயல்நாட்டுத் திரைப்பட விழா ஒன்றிற்குப் புறப்பட்டார் என்னும் செய்தி கிடைத்த நொடியிலிருந்து இவர்தம் பணி தொடங்கிவிடுகின்றது. வானூர்தி நிலையத்தில் அவர் அணிந்திருந்த கறுப்புக் கண்ணாடி, விடுதி மாடத்தில் அவர் நின்ற நிலை, விழா மண்டபப் படியில் அவர் திரும்பிக் கையசைத்த காட்சி என ஒவ்வொன்றையும் கைப்பேசி வழியே ஊர்தோறும் கடத்துகின்றனர். ஒருவர் கடத்தியதை ஆயிரவர் கடத்துகின்றனர். மறுநாள் காலையில் செய்தித்தாளும் அதையே அச்சிடுகின்றது. 'தமிழனுக்குப் பெருமை' என்று தலைப்பும் கொடுக்கின்றது.

அக்கூட்டத்தில் ஒருவரை நிறுத்தி, "தம்பி, அவர் எந்தப் படத்திற்காகச் சென்றார்? அப்படம் விழாவின் எந்தப் பிரிவில் காட்டப்பெற்றது? அவர் அங்கு எம்மொழியில் பேசினார்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் வினாவிற்கே விழி பிதுங்கும். இரண்டாம் வினா அவர் செவிக்கே எட்டாது. மூன்றாம் வினாவைக் கேட்டவரைத் தம் தலைவருக்குப் பகைவர் என்று முடிவு கட்டிவிடுவார்!

இளைஞரை எள்ளி நகையாட இதனை எழுதவில்லை. ஒரு செய்தியை ஒரே இரவில் கன்னியாகுமரியிலிருந்து மலேசியாத் தோட்டம்வரை கொண்டு சேர்க்கும் ஆற்றல் எளியதன்று. அவ்வாற்றலை விலையின்றிச் சுரண்டுவோர் யாவர், அச்சுரண்டலால் தமிழ்த் திரைக்கலை இழப்பது யாது என்பவையே ஈண்டு ஆராயத்தக்கவை.

பிரெஞ்சு நாட்டின் தென்கரையில் உள்ளது கான் நகர். (நாம் 'கேன்சு' என்று எழுதிப் பழகிவிட்டோம், அவ்வூரார் அவ்வாறு சொல்வதில்லை.) அவ்வூர் விழா மண்டபத்திற்கு இருபத்து நான்கு படிகள் உண்டு. அவற்றின்மேல் விரிக்கப்படும் சிவப்பு விரிப்பில் நடப்பவர் எல்லாரும் தம் படத்தின் தகுதியால் அங்கு வந்தவர் என்றே நம்மவர் நம்புகின்றனர். உண்மை வேறு. ஒப்பனைப் பொருள் விற்கும் இலோரியல் நிறுவனம் 1997 முதல் அவ்விழாவின் கூட்டாளி. அந்நிறுவனத்தின் விளம்பர முகங்களாக அமர்த்தப்பெற்றோர் ஆண்டுதோறும் அவ்விரிப்பில் நடக்கின்றனர். அவர்க்கு அவ்வாண்டு விழாவில் படம் இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. உதட்டுச் சாயம் விற்பவன் வாடகைக்கு அமர்த்திய நடையை, நாம் கலைக்குக் கிடைத்த மணிமுடியாகக் கொண்டு கூத்தாடுகின்றோம்!

இதனினும் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. அவ்விழாவை ஒட்டி அதே நாள்களில், அதே கட்டடத்திலும் அதனைச் சூழ்ந்தும் திரைப்படச் சந்தை ஒன்று கூடுகின்றது. படத்தை விற்போரும் வாங்குவோரும் கூடும் வாணிகக் களம் அது. அங்குக் கட்டணம் செலுத்தி ஓர் அரங்கை எடுத்துக்கொண்டு எந்தப் படமுதலாளியும் தம் படத்தை ஓட்டிக் காட்டலாம். அதற்குத் தேர்வுக்குழுவும் இல்லை, நடுவரும் இல்லை. சந்தையில் கடை விரிப்பது குற்றமன்று. விற்பவன் சந்தைக்குத்தான் போகவேண்டும். ஆனால் அங்கு ஓட்டிய படத்தைக் 'கேன்சு விழாவில் திரையிடப்பெற்ற படம்' என்று இங்குச் சுவரொட்டி அடிப்பது ஏமாற்று. கோயம்பேட்டுச் சந்தையில் கத்தரிக்காய் விற்றவன், வேளாண் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றேன் என்று சொல்லிக்கொள்வதற்கு ஒப்பானது அது.

2022-ஆம் ஆண்டு அச்சந்தை இந்தியாவை முதன்முறையாக மதிப்புறு நாடாக அழைத்தது. நடுவண் அமைச்சர் ஒருவர் தலைமையில் நடிகரும் நடிகையரும் இசைவாணரும் அடங்கிய குழு விரிப்பில் நடந்தது. தமிழ்த் திரையில் நாம் அறிந்த முகங்களும் அக்குழுவில் இருந்தன. நம் சுவைஞர் கைப்பேசிகள் அன்று சூடேறிப் போயின. அவ்வாண்டு முதன்மைப் போட்டிப் பிரிவில் இந்தியப் படம் ஒன்றுகூட இல்லை என்பதை எத்தனை பேர் சொன்னார்கள்? அதே விழாவில் ஆவணப்படங்களுக்குரிய பொற்கண் பரிசைப் பெற்றது தில்லியில் எடுக்கப்பட்ட ஒரு படம். வானிலிருந்து காயமுற்று விழும் பருந்துகளை எடுத்துப் பேணும் இரண்டு உடன்பிறப்புகளைப் பற்றியது. எடுத்தவர் சவுனக்கு சென். அதைப்பற்றி நம்மூரில் எங்கேனும் ஒரு பதாகை கட்டினார்களா?

1994-இல் சாசி கருண் இயக்கிய மலையாளப் படமாகிய 'சுவம்' அப்போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அதன்பின் ஓர் இந்தியப் படம் அவ்விடத்தை எட்டியது 2024-இல்தான். பாயல் கபாடியா இயக்கிய அப்படம் விழாவின் இரண்டாம் பெரும்பரிசையும் வென்றது. அதிலும் பெரிதும் ஒலித்தது மலையாளமே. இடையில் கழிந்தவை முப்பது ஆண்டுகள். அம்முப்பது ஆண்டுகளில் கான் நகர்ப் படங்கள் நம் செய்தித்தாள்களில் வாராத மே திங்கள் எத்தனை? நடை நின்றதில்லை, கைதட்டல் ஓய்ந்ததில்லை, படம்தான் இல்லை. அண்டை மொழியார் படத்தோடு போய் வருகின்றனர் என்பதையேனும் நாம் நெஞ்சில் கொள்ள வேண்டாவா?

'அயல்நாட்டு விழாவில் தமிழ் நடிகர் பெருமை பெற்றதே இல்லையா?' என்று கேட்பீர்கள். பெற்றிருக்கின்றார். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்திற்காகச் சிவாசி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பரிசை அவர் உடுத்த உடைக்காகக் கொடுக்கவில்லை. தமிழில் ஒரு சொல்லும் அறியாத எகிப்தியரும் பிறரும் அமர்ந்திருந்த அவையில், தமிழ் உரையாடலை அதன் ஏற்ற இறக்கத்தோடும் மூச்சோடும் சினத்தோடும் அவர் பேசிய பேச்சு சென்று தைத்தது. பொருள் புரியாத செவிகளையும் அவ்வொலி ஆட்கொண்டது. அதுவன்றோ தூது! அதே விழாவில் அப்படத்தின் இசைக்காக சி. இராமநாதனும் பரிசு பெற்றார். அவ்வுரையாடலை எழுதியவர் சக்தி தி. க. கிருட்டிணசாமி, இயக்கியவர் பி. ஆர். பந்துலு. நடிகர் பெயரை இன்றும் சிறுபிள்ளையும் சொல்லும். மற்ற மூவரின் பெயர்களை அதே மூச்சில் சொல்லக்கூடிய சுவைஞர் எத்தனை பேர் தேறுவர்? நடிகரைக் கொண்டாடிவிட்டு, அவர் நாவிற்குச் சொல் கொடுத்தவனை மறக்கும் நோய் நமக்கு இன்று வந்ததன்று.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 2015-இல் வெனிசு நகர விழாவிற்கு வெற்றிமாறனின் 'விசாரணை' தேர்ந்தெடுக்கப்பெற்றது. இத்தாலிய நாட்டு மன்னிப்பு அவையின் பரிசையும் அங்குப் பெற்றது. ('விசாரணை' என்பது வடசொல், 'உசாவல்' என்றே வைத்திருக்கலாம். அந்த வழக்கைப் பிறிதொரு நாள் பேசுவோம்.) அப்படத்தின் மூலநூலை எழுதியவர் கோவையில் தானி ஓட்டிப் பிழைத்த மு. சந்திரகுமார். ஆந்திரக் காவல்துறையினர் தம்மைப் பிடித்து அடைத்து வதைத்ததை அவரே எழுதினார். அவரும் வெனிசு நகருக்குச் சென்றார். தமிழில் தன் துன்பத்தை எழுதிய ஓர் உழைப்பாளி, அவ்வெழுத்தின் பயனாக உலக அவை ஒன்றில் போய் நிற்பது எவ்வளவு பெரிய நிகழ்ச்சி! வேறு மொழியினராயின் அவர் படத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டியிருப்பர். நம் தூதுவர் கூட்டத்திற்கோ, எந்த நடிகர் என்ன நிறத்தில் மேலுடை அணிந்தார் என்பதில் நாட்டம் போய்விட்டது.

2021 பிப்பிரவரியில் உரோட்டர்டாம் நகர விழாவின் புலிப்பரிசை 'கூழாங்கல்' வென்றது. அவ்விழாவின் தலைப்பரிசு அது. அதனைப் பெற்ற முதல் தமிழ்ப்படம் இது, இயக்கியவர் பி. எசு. வினோத்துராசு. குடித்துக் கெட்ட தந்தை ஒருவன், பிறந்தகம் போன மனைவியை அழைத்து வர, பள்ளியில் இருந்த மகனை இழுத்துக்கொண்டு போகின்றான். திரும்பும்போது இருவரும் மதுரைப் பக்கத்துக் காய்ந்த வெயில் நிலத்தில் நடக்கின்றனர். கதை இவ்வளவே. நா வறண்ட சிறுவன் வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு அடக்கிக்கொள்கின்றான். அச்சிறு கல்லைக் கண்டுதான் அவ்விழாவின் நடுவர்கள் பரிசளித்தனர்! அப்படத்தை வெளிக்கொணரும் பொறுப்பை நயன்தாராவும் விக்கினேசு சிவனும் ஏற்றனர். அதற்காக அவர்களைப் பாராட்டுவோம். ஆயினும் செய்தி பரவியபொழுது பெரும்பாலோர் அப்படத்தை அவர்கள் பெயரால்தான் அறிந்தனர். பரிசு பெற்று இரண்டரை ஆண்டுக்குமேல் ஆன பின்னரே, 2023 அக்டோபரில் இணையத் திரையின் வழியாக அது தமிழர் கண்ணுக்கு வந்தது.

அவரே எடுத்த அடுத்த படம் 'கொட்டுக்காளி'. பெயரைப் பாருங்கள்! பிடிவாதக்காரியை எங்கள் ஊர்ப்பக்கத்தில் பாட்டிமார் அப்படித்தான் அழைப்பர். 2024 பிப்பிரவரியில் பெர்லின் விழாவில் காட்டப்பெற்றது. நகைச்சுவை நடிகராய் நாம் அறிந்த சூரி அதில் முதன்மை நடிகர். அவர் பெர்லினுக்குச் சென்ற படங்களைக் கடத்தாத மன்றம் இல்லை. அதில் பிழையும் இல்லை. பின்னணி இசையே இல்லாமல், மக்கள் பேச்சையும் வண்டி ஒலியையும் காற்றையும் மட்டும் நம்பி எடுத்த அப்படம் அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் நம்மூர்க் கொட்டகைகளுக்கு வந்தது. பெர்லின் படங்களைக் கடத்திய கைகளெல்லாம் நுழைவுச்சீட்டு வாங்க நீளவில்லை. பெரும்படங்களுக்குத் திரளும் கூட்டத்தில் சிறுபங்கும் அதற்கு வாய்க்கவில்லை. படம் பிடிக்கவில்லை என்று பார்த்தபின் சொல்வது சுவைஞனுக்கு உள்ள உரிமை. பாராமலே பெருமைப்பட்டுக்கொள்வது எவ்வகைச் சுவை?

இவ்விடத்தில் நம் இதழன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. அயல்நாட்டு விழாக்களுக்குத் தேர்வான படங்களின் பெயர்கள் காக்கா முட்டை, கூழாங்கல், கொட்டுக்காளி, விடுதலை என்றிருக்கின்றன. தமிழனுக்காகவே எடுத்துத் தமிழனிடமே காசு பறிக்கும் பெரும்படங்களின் பெயர்களோ மாசுட்டர், பீசுட்டு, இலியோ, செயிலர்! உலகத்தின்முன் செல்லும் படம் தமிழ்ப்பெயர் தாங்கிச் செல்கின்றது. உசிலம்பட்டிக் கொட்டகையில் ஓடும் படம் ஆங்கிலப் பெயர் தாங்கி ஓடுகின்றது. ஆங்கிலப் பெயர் வைத்தால்தான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்று படமுதலாளிகள் ஓதிவந்த பொய் இதனால் பொடிப்பொடியாயிற்று. 2006-இல் தமிழ்ப்பெயர் தாங்கிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று தமிழ்நாட்டு அரசு அறிவித்தபொழுது, 'சம்திங் சம்திங்' என்று முன்னொட்டு வைத்திருந்தவர்கள் அதை வெட்டிவிட்டு 'உனக்கும் எனக்கும்' என்று மட்டும் வெளியிட்டனர். வரியின் அளவே அவர்தம் மொழிப்பற்று! சலுகையின் பிடி தளர்ந்ததும் பழைய குட்டை, பழைய மட்டை.

நடிகர் அயல்நாட்டு மேடையில் ஆங்கிலத்தில் பேசுவதைச் சிலர் புரிதலின் பொருட்டு என்பர். கொரிய நாட்டு இயக்குநர் போங்கு சூன் ஓ 2019-இல் கான் நகரின் முதற்பரிசை 'பாரசைட்டு' படத்திற்காகப் பெற்றார்; அடுத்த ஆண்டு அமெரிக்க நாட்டின் ஆசுக்கர் மேடையிலும் நின்றார். அவர் பெரிதும் கொரிய மொழியிலேயே பேசினார். அருகில் நின்ற மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். அதனால் அவர் மதிப்பு இம்மியும் குறையவில்லை. தமிழில் பேசி, ஒரு மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துக்கொள்ள, கோடிகளில் ஊதியம் பெறும் நம் நடிகர்க்கு இயலாதா? சுவைஞர் மன்றங்கள் இதனைக் கேட்கலாம்; நடிகர் கேட்டே ஆகவேண்டிய ஒரே குரல் அவர்களுடையதுதான்.

பேருருவப் பலகைக்கும் அதன் தலையில் கவிழ்க்கும் பாற்குடங்களுக்கும் மன்றங்கள் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஊர்க் கொட்டகையை ஒரு காலைக் காட்சிக்கு வாடகைக்குப் பிடியுங்கள். விழாவிற்குச் சென்றுவந்த தமிழ்ப்படம் ஒன்றை முறைப்படி இசைவு பெற்று அங்கு ஓட்டுங்கள். பார்த்தபின் அதன் இயக்குநர் யார், ஒளிப்பதிவாளர் யார், எந்த ஊர் மண்ணில் எடுத்தார்கள், எங்கே சோர்வு தட்டியது என்று பத்து வரி நல்ல தமிழில் எழுதி, அதைக் கடத்துங்கள். 'கூழாங்கல்' ஒன்றேகால் மணி நேரப் படம். கறுப்புக் கண்ணாடிப் படங்களைக் கடத்தச் செலவிடும் ஒரு மாலைப் பொழுதில் அதை இருமுறை பார்த்துவிடலாம்.