பாடுமீனும் பாதையும்

கல்லடிப் பாலத்தைப் பாடாத மட்டக்களப்பு எழுத்தாளர் அரியர். முழுநிலா இரவில் அதன் கீழே தோணியில் அமர்ந்து, துடுப்பை நீரிலிட்டு, மறுமுனையில் செவிவைத்துப் பாடுமீனின் ஓசையைக் கேட்டதாகச் சொல்வதில் நமக்கொரு பெருமை. அந்த அழகை நாம் பழிக்கவில்லை. ஆயினும், நம் செவிக்கு எட்டாமற்போன குரல் எது என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

1924 இல் எழுந்த அந்த இரும்புப் பாலத்துக்கு அன்றைய ஆளுநரின் மனைவி பெயரைச் சூட்டி ‘லேடி மானிங் பாலம்’ என்றனர். பட்டினத்தையும் எழுவான்கரை நெடுஞ்சாலையையும் அது இணைத்தது. ஆட்சிக்கும் வணிகத்துக்கும் அவ்வழி வேண்டியிருந்தது, பாலம் வந்தது.

வாவியின் மேற்கே, சூரியன் படுகின்ற படுவான்கரையில், நெல் விளைவித்து மாடு வளர்த்த மக்களுக்கு வந்தது என்ன? மண்முனைத் துறையில் ஒரு ‘பாதை’! உழவு இயந்திரமும் நெல்மூட்டையும் நோயாளியும் அந்த மிதவையின் வரவுக்காகக் காத்துக் கிடந்தனர். பாதை ஓடாவிடில், வடக்கே வலையிறவையோ தெற்கே பட்டிருப்பையோ சுற்றிச் செல்லவேண்டும். நள்ளிரவில் பேறுகால வேதனையுற்ற பெண்ணுக்குச் சுற்றுவழி ஒரு வழியாகுமா?

மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலிலேதான் திறக்கப்பட்டது. கல்லடிக்கும் மண்முனைக்கும் இடையே நின்றது 90 ஆண்டு!

போரே தாமதத்துக்குக் காரணம் என்பர் சிலர். போர் மூண்டது 1983 இல். அதற்கு முந்திய 59 ஆண்டுகளில் தடுத்தது யார்? பணமில்லை என்பர் வேறு சிலர். இதே கிழக்கிலே, 1949 இல் கல்லோயாவை மறித்து இங்கினியாகலையில் மாபெரும் நீர்த்தேக்கம் அமைக்கத் தொடங்கிய அரசுக்கு, 210 மீற்றர்ப் பாலமொன்று ஆகாத காரியமா? இல்லாதிருந்தது பணமன்று, படுவான்கரை உழவனும் இந்நாட்டுக் குடிமகனே என்ற எண்ணம்.

இறுதியில் ஜப்பானிய உதவியால் பாலம் எழுந்தபோது, அது ஆள்வோரின் கொடையென்று கொண்டாடப்பட்டது. 90 ஆண்டு தாமதித்த கடனைத் திருப்பித் தருவோனுக்கு வள்ளல் என்று பெயரா? மண்முனையில் பாலம் எழுந்த பின்னரும் குருமண்வெளி–மண்டூர்த் துறையிலும் அம்பிளாந்துறையிலும் மக்கள் பாதைக்காகக் காத்து நின்றதை அந்த ஆரவாரம் மறைத்துவிட்டது.

பாலம் எவருடைய தயவுமன்று; உழைக்கும் மக்களின் உரிமை. அதைக் கட்டும் முறையிலும் அவர்களுக்குச் சொல்லுரிமை வேண்டும். அகன்ற கண்களின் ஊடே நீரும் மீனவனின் தோணியும் தடையின்றிச் செல்லவேண்டும். கரைகளை இணைக்கும் பெயரால் மண்ணைக் கொட்டி வாவியை நெரித்தல் ஆகாது.

எழுத்தாள நண்பர்களே, குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. நீருக்கடியிலுள்ள மீனின் மெல்லிசை கேட்ட நம் செவிகளுக்கு, கரையிலே நின்று பாதைக்காரனை உரத்து அழைத்த மனிதனின் குரல் கேட்கவில்லை. இனியேனும் கேட்போம், கேட்டதை எழுதுவோம்.